கேரவன் இழுத்துப் போகும்போது ஏன் இவ்வளவு மெதுவாக? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், செம்பனைத் தோட்டத்து வேலியை ஒட்டி ஒரு கேரவன், அதாவது உள்ளே படுத்துத் தூங்க வசதியுள்ள சக்கர வீடு, நிற்கிறது. பழையது. பதினாறு அடி நீளம், சாமான் ஏற்றினால் 1,200 கிலோ வரும். பிக்அப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவோம். கோயிலில், கல்யாண வீட்டில், ரொட்டிக் கடையில் என்று எங்கே பார்த்தாலும் இதைப் பற்றி யாராவது கேட்கிறார்கள். கேரவன் வாங்கலாமா என்பதைவிட, "ஏண்ணே, பினாங்குக்கு இரண்டு மணி நேரம்தானே, நீங்க ஏன் காலையிலேயே கிளம்பி மத்தியானம் போய்ச் சேர்றீங்க?" என்பதுதான் அதிகம். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

என் கணக்கு 200. நல்ல நெடுஞ்சாலை, நல்ல வானிலை என்றால் 250. மலைப்பாதை என்றால் 150-க்கு மேல் போக மாட்டேன். இது சட்டம் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

வாங்கிய புதிதில் நானும் காரில் போவது மாதிரிதான் நினைத்தேன். முதல் பயணமே மலாக்கா. எங்கள் ஊரிலிருந்து 370 கிலோமீட்டருக்கு மேல். பசியாறிவிட்டு ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம். கோலாலம்பூரைத் தாண்டுவதற்குள் மழை, அதன் பிறகு நெரிசல். போய்ச் சேரும்போது இரவு எட்டு. முகாமிடத்தில் விளக்கு ஒன்றே ஒன்று. மனைவி கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு "வா, வா, வா" என்றார். நான் ரிவர்ஸ் எடுத்தேன். அவருக்குத் தெரிந்தது கேரவனின் வலது மூலை மட்டும். இடது சக்கரம் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) இறங்கியது எங்கள் இருவருக்குமே தெரியாது, சத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. அக்கம்பக்கத்துக் கூடாரங்களிலிருந்து எட்டுப் பேர் எழுந்து வந்து தூக்கிவிட்டார்கள். ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே, "பகல்ல வந்திருக்கலாமே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அன்று நான் கணக்கில் எடுக்காதவை இரண்டு. ஒன்று, கேரவனோடு ஓட்டுவது வேறு உழைப்பு. கண்ணாடியை அடிக்கடி பார்க்க வேண்டும், ஒவ்வொரு பஸ் தாண்டும்போதும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிரேக் எங்கே போடுவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிடும். இரண்டு, போய்ச் சேர்ந்ததும் வேலை முடிவதில்லை. வண்டியைச் சமமட்டமாக நிறுத்தி, கேரவனின் தாங்குகால்களை இறக்கி, கொக்கியைக் கழற்றி, தண்ணீர், கரண்ட் இழுத்து, முன்பந்தல் போட ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளிச்சமும் தெம்பும் மிச்சம் இருக்க வேண்டும்.

நேரக் கணக்குக்கு ஒரு சுலபமான வழி: கூகள் வரைபடம் சொல்லும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். மூன்று மணி நேரம் என்று காட்டினால் நான்கு. நிற்கும் நேரம் தனி.

அமெரிக்காவில் 3-3-3 என்று ஒரு விதி சொல்கிறார்களே?

ஆமாம், அங்கே கேரவன்காரர்கள் மத்தியில் புழங்கும் பேச்சு வழக்கு அது. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், சேர்ந்த இடத்தில் 3 நாள் தங்கு. இன்னும் நிதானமானவர்கள் 2-2-2 என்பார்கள்: 200 மைல், 2 மணி, 2 இரவு.

300 மைல் என்றால் 480 கிலோமீட்டர். சுங்கை சிப்புட்டில் கிளம்பினால் ஜொகூருக்குள் நுழைந்துவிடலாம். அவர்களுடைய சாலை அகலமும் நேர்கோடும் வேறு, நமக்கு இது ஒத்துவராது. ஆனால் அந்த மூன்றில் நடுவில் இருக்கும் "3 மணிக்குள்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நான் இன்னும் முன்னால் இழுத்து 1 மணி என்று வைத்திருக்கிறேன். காரணம் அடுத்த கேள்வியில்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது நல்லது?

விடிந்ததும். பளிச்சென்று சாலை தெரிய ஆரம்பிக்கும் நேரம்.

இதை எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரவில்லை. அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டில் எழுந்து, அடுப்பு மூட்டி, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், வெளிச்சம் வரும்போது முதல் மரத்தில் கத்தி வைத்திருப்பார். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். பத்து, பதினொன்றுக்குப் பால் எடுத்துக் கொட்டியாகிவிடும். மழை வந்தால் பட்டை நனைந்து அன்றைய வெட்டே போச்சு. ஆக, நாளின் நல்ல பகுதி நண்பகலுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரிந்ததே.

சாலையும் அப்படித்தான். மேற்குக் கரையில் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடி மழை கொட்டும், அதுவும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரைச் சுற்றியும் சொல்லவே வேண்டாம். தைப்பிங் பக்கம் போகிறவர்களுக்கு அந்த மழையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. தேங்கிய நீரில் கார் ஒரு பக்கமும் கேரவன் ஒரு பக்கமும் போகப் பார்க்கும். எதிர்க்காற்று, பக்கக்காற்று எல்லாம் மழையோடு சேர்ந்து வரும். ஏழுக்குக் கிளம்பி, இரண்டு முறை நின்று, பதினொன்றரை, பன்னிரண்டுக்குச் சேர்ந்துவிட்டால் மழை வரும்போது நீங்கள் பந்தலுக்கு அடியில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

பசியாறுவதை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். முதல் நிறுத்தத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் 110 என்று போட்டிருக்கிறதே, நாம் ஏன் 80-இல் போக வேண்டும்?

110 என்பது உச்ச வரம்பு. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கணக்குப் பார்ப்போம். 200 கிலோமீட்டரை 110-லேயே ஓட்டினால் 1 மணி 49 நிமிடம். 80-இல் ஓட்டினால் 2 மணி 30 நிமிடம். வித்தியாசம் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம்? வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-இலிருந்து 110-க்குப் போனால் வேகம் ஒன்றே கால் மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது, ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு மேல் 1,200 கிலோ பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்தால், 80-இல் அதற்குள் 33 மீட்டர் போயிருப்போம், 110-இல் 46 மீட்டர். பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கவில்லை.

டயர் இன்னொரு விஷயம். அமெரிக்கப் பாணி டிரெய்லர் டயர்களில் பலவும், முக்கியமாகப் பழையவை, மணிக்கு 65 மைல் வரைதான் தாங்கும் என்று செய்யப்பட்டவை. அது 105 கிலோமீட்டர். காருக்கு 110 சரியாக இருக்கலாம், பின்னால் வரும் டயருக்குச் சரியா என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

நான் நெடுஞ்சாலையில் 80-க்கும் 85-க்கும் நடுவில், இடது தடத்தில். சரக்கு லோரிகளோடு சேர்ந்து போவது ஒரு சுகம்தான், பழகிப் பாருங்கள்.

கேரவன் பாம்பு மாதிரி ஆட ஆரம்பித்தால்?

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்தை எதிர்த்துத் திருப்ப வேண்டாம், பிரேக்கை மிதிக்க வேண்டாம், வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். கேரவனுக்குத் தனி மின்பிரேக்கும் காருக்குள் அதற்கென ஒரு கைப்பிடியும் இருந்தால், அதை மட்டும் மெல்ல அழுத்தலாம். என்னுடையதில் அது இல்லை.

எனக்கு இது நடந்தது ஒரு தைப்பூசத்துக்கு முந்திய நாள். பினாங்குக்குப் போனோம். பந்தலில் அன்னதானம் செய்யும் உறவினர், "இடம்தான் இருக்கே, இதையும் எடுத்துட்டு வாங்க மாமா" என்று இரண்டு பெரிய அண்டா, ஒரு மூட்டை அரிசி, கேஸ் தோம்பு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். நான் எல்லாவற்றையும் கேரவனின் பின்பக்கக் கட்டிலில் அடுக்கினேன், ஏற்றி இறக்கச் சுலபம் என்று. கோலகங்சாரைத் தாண்டி, சங்காட் ஜெரிங் பக்கம் இறக்கத்தில் வேகம் 95 ஆகியிருந்தது. விரைவுப் பேருந்து ஒன்று வலப்பக்கம் தாண்டியது. அதன் காற்று முதலில் கேரவனை வெளியே தள்ளியது, தாண்டியதும் உள்ளே இழுத்தது. அவ்வளவுதான். வலது கண்ணாடியில் கேரவன் முழுசாகத் தெரிந்தது, அடுத்த நொடி இடது கண்ணாடியில். உள்ளே அண்டாக்கள் மோதும் சத்தம் கோயில் மணி மாதிரிக் கேட்டது. காலை எடுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாறு ஆட்டத்துக்குப் பிறகு அடங்கியது. மனைவி அடுத்த நிறுத்தம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

குற்றம் பேருந்தினுடையது இல்லை. பின்பக்கம் கனம் வைத்தால் கேரவனின் மூக்கு இலேசாகிவிடும். மூக்கு கொக்கியை அழுத்திக்கொண்டிருந்தால்தான் அது அடங்கிப் போகும். கனமான சாமான் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால், தரையோடு தரையாக இருக்க வேண்டும். கொக்கியில் எவ்வளவு எடை விழலாம் என்பது காருக்கும் கொக்கிக்கும் எழுதியிருக்கும், அந்த எல்லைக்குள். தண்ணீர்த் தொட்டியை மறக்காதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. தொட்டி பின்பக்கம் இருந்தால் காலியாகவே போங்கள், போகும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும்.

வேகம் குறைவாக இருந்தால் இதே தவறு வெறும் நடுக்கத்தோடு போயிருக்கும். சுமை சரியாக இருந்தாலும் நான் மெதுவாகப் போவதற்கு அந்த அண்டாச் சத்தம் ஒரு காரணம்.

மெனோரா சுரங்கப்பாதை இறக்கத்தில் எப்படிப் போவது?

நம் ஊர்க்காரர்களுக்கு இது வாசற்படி மாதிரி. கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறித் தெற்கே போனால் ஏற்றம், சுரங்கம், அப்புறம் ஈப்போவை நோக்கி நீண்ட இறக்கம். இறக்கத்தின் அடியில் முன்பு ஜெலாப்பாங் டோல் இருந்தது. பிரேக் பிடிக்காமல் வந்த கனரக வண்டிகள் அங்கே மோதிய விபத்துகள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2009-இல் அந்த டோலையே எடுத்துவிட்டார்கள்.

சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள். இறங்க ஆரம்பித்த பிறகு இல்லை, அதற்கு முன்னால். ஆட்டோ கியர் என்றாலும் கீழ் கியரில் பூட்ட வழி இருக்கும். எஞ்சின் முனகினாலும் பரவாயில்லை, அது பிடித்து வைக்கட்டும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காது. அழுத்திக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் முட்டி, அந்த முட்டலில் தானே பிரேக் போடும் வகை கேரவன் என்றால், நீண்ட இறக்கத்தில் அதன் பிரேக் லேசாகப் பிடித்தபடியே வரும். கீழே வந்ததும் எங்காவது நின்று ஆறவிடுங்கள்.

பழைய டிரங்க் ரோட்டில் ஈப்போ போனால் இந்த மலையே வராது. சுங்கை சிப்புட்டிலிருந்து அது முப்பது கிலோமீட்டர்தான். நான் பாதி நேரம் அப்படித்தான் போகிறேன்.

நிற்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதல் நிறுத்தம் கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை.

இறங்கியதும் கழிவறைக்கு ஓடாமல் ஒரு சுற்று வாருங்கள். புறங்கையைச் சக்கரத்தின் நடு ஹப் பக்கத்தில் கொண்டு போங்கள். இளஞ்சூடு இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போய்விட்டது, இல்லை பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதோடு ஓட்டாதீர்கள், போமெனை (மெக்கானிக்கை) கூப்பிடுங்கள். கொக்கியின் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி, விளக்கு ஒயர் மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

டயர் காற்றை மட்டும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பாருங்கள். ஓடிச் சூடான பிறகு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. இன்னொன்று, பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கேரவன் டயர் தேய்வதற்கு முன்னால் கிழடாகிவிடும். டயரின் பூ (மேல் வரிகள்) அப்படியே இருக்கிறது என்று ஏமாந்து போகாதீர்கள்.

ஓய்வுத் தலங்களில் கார் நிறுத்தும் கட்டத்தில் நுழைந்தால் வெளியே வருவது தலைவலி. லோரி, பஸ் நிற்கும் பக்கம் ஓரமாகப் போங்கள். கூட்டம் இருந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

பின்னால் ஹாரன் அடிக்கிறார்களே?

அடிக்கட்டும். நெடுஞ்சாலையில் இடது தடத்தில் இருந்தால் உங்கள் மேல் தவறில்லை. ஒற்றைத் தடச் சாலையில் பின்னால் நான்கைந்து வண்டி சேர்ந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழி விடுங்கள். அது மரியாதை, நமக்கும் ஒரு நிமிட ஓய்வு.

இரவில் சாலை காலியாக இருக்கும், இரவில் போகலாமே?

காலி இல்லை. இரவில் லோரிகளும் விரைவுப் பேருந்துகளும்தான் ஓடுகின்றன, அவை உங்களைத் தாண்டிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஸ்டீயரிங் பிடித்தால் கண் திறந்தபடியே தூங்கிவிடுவோம். அதிகாலை மூன்று மணிக்கு முகாமிடத்தில் ரிவர்ஸ் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். என் லோங்காங் கதையை இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

தீபாவளி, நோன்புப் பெருநாள் சமயத்தில்?

கேரவனை வீட்டில் விட்டுவிடுங்கள். நோன்புப் பெருநாள் சமயத்தில் கூட்டரசு சாலைகளில் வேக வரம்பை 90-இலிருந்து 80-ஆகக் குறைப்பது வழக்கம், ஆனால் நெரிசலில் 20-கூட ஓடாது. ஏற்றத்தில் நின்று நின்று நகரும்போது கிளட்சும் பொறுமையும் ஒன்றாகக் கருகும். போயே ஆக வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னதாகப் போங்கள்.

மெதுவாகப் போனால் எண்ணெய் (டீசல்) மிச்சமா?

வித்தியாசம் நன்றாகவே தெரியும். கேரவன் என்பது காற்றில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சுவர், வேகம் கூடக் கூடக் காற்று அதைப் பிடித்து இழுக்கும். 2024 ஜூனில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்கு ஏறியபோது, மெதுவாகப் போவதைக் கேலி செய்த என் மைத்துனர்தான் முதலில் வந்து எவ்வளவு எண்ணெய் பிடிக்கிறது என்று கேட்டார்.

ஒரே நாளில் போய்விட்டால் ஒரு நாள் விடுமுறை மிச்சம்தானே?

மிச்சமாகாது. களைத்துப் போய்ச் சேர்ந்தால் மறுநாள் பாதி தூக்கத்தில் போகும், பிள்ளைகள் முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்தது 1994-இல். அதற்கு முன்னால் கோலாலம்பூர் போவது என்றால் பழைய சாலையில் ஊர் ஊராக நின்று போவதுதான். அப்பா கம்பாரில் பிஸ்கட் வாங்குவார், பீடோரில் கொய்யா வாங்குவார், தஞ்சோங் மாலிமில் பாவ் சாப்பிடாமல் வண்டி நகராது. அது வீணான நேரம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கேரவன் இருந்தால் அந்தப் பழக்கம் தானாகத் திரும்பி வருகிறது. எங்கள் பேத்திக்குப் பீடோர் கொய்யாக் கடைக்காரம்மாவைத் தெரியும்.

கேமரன் மலைக்கு இழுத்துப் போகலாமா?

தாப்பா வழியாக வேண்டாம். குறுகல், வளைவுக்கு மேல் வளைவு, எதிரே காய்கறி லோரி. சிம்பாங் பூலாய் வழி அகலம், ஆனால் ஏற்றமும் இறக்கமும் நீளம். கேரவனைக் கீழேயே எங்காவது நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் ஏறி இறங்குவதுதான் என் யோசனை.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோத்தா பாருவுக்கு எத்தனை நாள்?

மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காரில் ஒரே நாள். கேரவனோடு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு நாள் ஓட்டவே வேண்டாம். நவம்பரிலிருந்து கிழக்குக் கரை மழைக்காலம், அப்போது போகாதீர்கள். 2014 டிசம்பரில் கிளந்தான் எப்படி மூழ்கியது என்று நினைவிருக்கும்.

முதல் நாள் கோலகங்சார் வழியாக லெங்கோங். அங்கே பசியாறிவிட்டுத் தொல்பொருள் காட்சியகத்தை ஒரு பார்வை பாருங்கள். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு அது. பதினோராயிரம் ஆண்டுக்கு முந்திய பேராக் மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது இங்கேதான். பிறகு கிரிக். எண்ணெய் முழுசாக நிரப்பிக்கொள்ளுங்கள், இதற்குப் பிறகு ஜெலி வரை காடுதான். கிரிக்கிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் பண்டிங், தெமெங்கோர் ஏரிக்கரை. மத்தியானத்துக்குள் அங்கே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் நாள் ஏரியைப் பாருங்கள், தூங்குங்கள்.

மூன்றாம் நாள் விடிந்து மூடுபனி விலகியதும் மலை ஏறுங்கள். 1982-இல் திறந்த கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை இது, உச்சி ஆயிரம் மீட்டருக்கு மேல். யானை நடமாட்டம் என்று போட்ட பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. யானை நின்றால் தள்ளி நின்று காத்திருங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள். கேரவனோடு அவசரமாகப் பின்வாங்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். உச்சியிலேயே கியரைக் குறைத்து, ஜெலி வரை அவசரப்படாமல் இறங்குங்கள். ஜெலியில் அரை மணி நேரம் பிரேக் ஆறட்டும். சாலையோரக் கடையில் நாசி கெராபு கிடைக்கும், நீலச் சோறு. சாப்பிட்டு முடிக்கும்போது ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடு தணிந்திருந்தால் கோத்தா பாருவுக்குக் கிளம்பலாம்.